பீலியும் பெயர்க்கல்லும்

கண்டி வீதியால் சுண்டுக்குளிப் பக்கம் போகிறவர்கள் பழைய கச்சேரியைப் பார்க்காமல் போக முடியாது. கூரை போய்ச் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. 1829 முதல் 1867 வரை வடக்கில் அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் உண்டாக்கிய பழைய பூங்கா அயலில்தான். காணி அலுவலா, ஓய்வூதியமா, குடாநாட்டார் எத்தனை தலைமுறையாக ஏறி இறங்கிய படிகள் அவை! அந்தக் கட்டடத்தைப் போர் குலைத்தது. ஆனால் 2009க்குப் பிறகு அங்கே ஒரு ஷெல்லும் விழவில்லை. அதற்குப் பிந்திய சேதமெல்லாம் மழையின் கணக்கு.

இடிந்தது கிடக்கட்டும், இன்றும் அலுவல் நடக்கிற பழைய கட்டடங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. போன மாரியில் பிறப்புப் பதிவுப் பிரதி ஒன்றுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "அந்தக் கதிரையிலை இருக்காதேங்கோ ஐயா, மேலை ஒழுகும்" என்றார் எழுதுவினைஞர் பிள்ளை. சுவரோடு இருந்த அலுமாரிகளை நடுவுக்கு இழுத்து விட்டிருந்தார்கள். பதிவேடுகளுக்கு மேல் பொலித்தீன். நிலத்தில் பெயின்ற் வாளி.

"ஓடு உடைஞ்சு போச்சோ?"

"இல்லை ஐயா, பீலிக்குள்ளை சருகு."

பீலி அடைத்தால் தண்ணீர் திரும்பி உள்ளே இறங்கும். வளை நனையும், நனைந்த மரத்தைக் கறையான் தேடி வரும். சருகை அள்ள ஓர் ஏணியும் ஒரு காலைப்பொழுதும் போதும். ஆனால் அது யாருடைய வேலை என்று எந்தச் சுற்றறிக்கையும் அங்கே சொல்லவில்லையாம். ஆகவே சருகு மதிப்பீடாகி, மதிப்பீடு கோப்பாகி, கோப்பு மேலே போய்விட்டது.

கோப்பு திரும்பி வருகிற காலமும் நமக்கு வாய்த்ததல்ல. அரசாங்கத்தின் நிதியாண்டு தையில் தொடங்கி மார்கழியில் முடிகிறது. ஒதுக்கீடு வந்து, விலைமனு கோரி, அனுமதி கிடைக்க ஐப்பசி பிறந்துவிடும். செலவழியாத பணமோ டிசம்பர் 31உடன் கைவிட்டுப் போகும். குடாநாட்டின் பெருமழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஓட்டைக் கழற்றக் கூடாத மாதங்களில்தான் ஓட்டைக் கழற்றக் காசு வருகிறது! கிடுகு வேலி அடைத்த எங்கள் ஆச்சிமாருக்கு இந்தக் கணக்குத் தெரியும்: மாரிக்கு முன் வேலை முடிய வேண்டும்.

காசு வந்தும் கெடுகிற கட்டடங்களும் உண்டு. அந்தக் காலத்துச் சுவர்கள் சுண்ணக்கல்லையும் முருகைக்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியவை. நிலத்து ஈரத்தை இழுக்கும், கோடையில் வெளியே விடும். அதன்மேல் சீமெந்து பூசிப் பளபளவென்று பெயின்ற் அடித்தால் இரண்டு மாரி தாங்காது. உள்ளே அடைபட்ட ஈரத்தோடு உப்பும் சேர்ந்து பூச்சைத் தள்ள, பாளம் பாளமாக விழும். எங்களூர் வயதான மேசன் ஒருவர் கேட்பார்: "பூசி மூடிப்போட்டால் ஈரம் எங்காலை போறது?" ஒப்பந்தத்தாளில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1959இல் திறக்கப்பட்டது, 1981இல் எரிக்கப்பட்டது. இரண்டாவது ஆண்டைச் சின்னப் பிள்ளையும் சொல்லும், சொல்லவும் வேண்டும். ஆனால் திரும்ப எழுப்பிய கட்டடமும் வெயில் மழைக்கு விலக்கல்ல. அதன் கூரையையும் குழாய்களையும் யார், எப்போது பார்க்கிறார்கள் என்று கேட்டவர்களை நான் சந்தித்ததில்லை. எரித்தவன் மீது கோபப்படலாம். ஒழுக்குக்கு யார் மீது கோபப்படுவது?

திறப்பு விழாவுக்கு ஒரு பெயர்க்கல் வைக்கிறோம். அமைச்சர், செயலாளர் என்று எல்லோர் பெயரும் அதில் இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகையும் வைக்கலாம். பீலி கடைசியாகத் துப்புரவாக்கிய திகதி, செய்தவர் பெயர், அடுத்த முறை எப்போது. ஆவணி முடிவதற்குள் அந்தத் திகதி மாறாவிட்டால் வரிசையில் நிற்கிற எவரும் கேட்கலாம். எழுதச் சோக்குக் கட்டி ஒன்று போதும். அதற்கு விலைமனு தேவையில்லை.