கோடியக்கரையும் ஒரு கையெழுத்தும்

கோடியக்கரை என்றதும் நேயர்களுக்குப் 'பொன்னியின் செல்வ'னும் பூங்குழலியின் படகும் ஞாபகம் வரும். ஆனால் சென்ற தை மாதம் நாம் குடும்ப சகிதமாக அங்கே புறப்பட்டதற்குக் காரணம் வேறு. வேதாரண்யத்துக்கு அருகில் நமக்குப் பிதுரார்ஜிதமாக இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. அதை இறால் பண்ணைக்குக் குத்தகையாகக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார் என்றும், கையெழுத்திட வரவேண்டும் என்றும் மாமா எழுதியிருந்தார். நெல்லில் ஒருநாளும் காணாத தொகை. உபாத்தியாயருக்கு அது கசக்குமா?

முதலில் கோடியக்கரையைப் பார்த்தோம். வடக்கேயிருந்து நேராக வரும் கடற்கரை இங்கே சட்டென்று மேற்கே திரும்புகிறது. 1967-ல் சரணாலயமான காட்டில் வெளிமான்கள் துள்ளின. சதுப்பு நிலத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. கடலுக்கு இவ்வளவு அருகில் குடிதண்ணீர் எப்படி என்று குழந்தைகள் கேட்டார்கள். மணலில் இறங்கிய மழைநீர், கீழேயுள்ள உப்புநீரின்மேல் பாலாடைபோல் மிதந்து நிற்கிறது. அளவுமீறி இறைத்தாலும், மேலே உப்புநீரைத் தேக்கினாலும் அந்த ஆடை கெட்டுவிடும். இதை நாம்தான் அவர்களுக்கு விளக்கினோம். மறுநாள் அந்தப் பாடம் நமக்கே திரும்பி வந்தது.

மாமா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்த சிறுமி துப்பிவிட்டாள். பக்கத்து நிலத்தில் முன்பு ஒரு பண்ணை இருந்ததாம். வயலை வெட்டிக் குளமாக்கி, உப்புநீர் நிரப்பி, இறால் குஞ்சு விட்டு, தீனியும் மருந்தும் கொட்டி, கழிவை வாய்க்காலில் திறந்துவிட்டார்கள். நோய் கண்டு இறால் மடிந்ததும் போய்விட்டார்கள். குளம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. அதில் நெல் முளைப்பதில்லை.

இந்தக் கஷ்டம் புதிதல்ல. 1990-க்குப் பின் கரையோரமெங்கும் இத்தகைய பண்ணைகள் பெருகியபோது, சர்வோதயத் தொண்டர் ஜகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் ஏழை ஜனங்களைத் திரட்டிச் சத்தியாக்கிரகம் செய்தார்கள். ஜகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார். பண்ணைகளின் வருமானத்தைவிட அவற்றால் விளையும் நஷ்டமே அதிகம் என்று நாகபுரி ஆராய்ச்சி நிலையம் கணக்குக் காட்டியது. 1996 டிசம்பர் 11-ல், கடலோர ஒழுங்குமுறை எல்லைக்குள் இருந்த நவீனப் பண்ணைகளை அகற்றும்படி தீர்ப்பாயிற்று. ஆனால் 2005-ல் வந்த சட்டம், பதிவு செய்துகொண்டு பண்ணை நடத்த வழிவிட்டது.

இறால் அந்நியச் செலாவணி தருகிறது. சிலருக்கு ஜீவனமும் தருகிறது. மறுக்கவில்லை. ஆனால் லாபம் குத்தகைக்காரருக்கும் வெளியூரில் வாழும் நம்மைப் போன்ற மிராசுகளுக்கும் போகிறது. உப்புத் தண்ணீரோ ஊரில் இருப்பவர்களுக்கு வந்து சேர்கிறது.

1930 ஏப்ரல் 30-ல் ராஜாஜி உப்பெடுத்த அகஸ்தியன்பள்ளி அங்கிருந்து கூப்பிடு தூரம். ஏழையின் கஞ்சிக்கு வேண்டிய உப்புக்காக அன்று சிறை சென்றார்கள். அவன் குடிதண்ணீரில் இன்று நாம் உப்பைக் கலக்கலாமா?

"மாப்பிள்ளை, பேனா இருக்கிறதா?" என்று கேட்டார் மாமா.

"இருக்கிறது, மாமா. இந்தக் காகிதத்துக்கு வேண்டாம்" என்றோம்.

மாமா காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "அப்படியானால் ஆடியில் விதைநெல்லுக்குப் பணம் அனுப்பு" என்றார். அனுப்புவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறோம். டெல்டாவில் நிலம் வைத்துக்கொண்டு பட்டணத்தில் வசிக்கும் நேயர்கள், கையெழுத்திடுமுன் ஊருக்குப் போய் ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பார்க்கட்டும்.