ரிச்சி தெருவில் ஒரு ராம் மாற்றம்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், மாடிப்படிக்குக் கீழே சின்ன மேஜை போட்டு லேப்டாப் சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் பலருக்கும் ஒரே கேள்வி: "அண்ணே, ராம் போட்டா வாரண்டி போயிடுமா?"

கல்லூரி மாணவி ஒருத்தி புது லேப்டாப்போடு வந்தாள். 8 ஜிபி போதவில்லை. அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. அடிப்பக்கம் இருந்த மாடல் எண்ணை போனில் அடித்து, கம்பெனியின் சர்வீஸ் மேனுவலைத் திறந்தார். "இதைப் பாரும்மா. ராமை நீயே மாத்தலாம்னு அவங்களே படம் போட்டிருக்காங்க. ஆனாலும் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டியா?" கேட்டிருந்தாள், பதிலும் வந்திருந்தது. "அதை அழிச்சிடாத. போன்ல சொன்னதுக்குச் சாட்சி கிடையாது."

ராமை மாற்றியதற்காகவே வாரண்டி போவதாகப் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது போவது, மாற்றும்போது நாம் எதையாவது உடைத்தால்தான். அப்போதும் உடைந்த பாகத்துக்கும் அதனால் வந்த கோளாறுக்கும்தான் மறுப்பார்கள். சில கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் சென்டரில்தான் போட வேண்டும் என்கின்றன. அதனால்தான் அந்த மெயில்.

"நீயே போடு, நான் பாத்துக்கிறேன்" என்று நாற்காலியை அவளுக்குக் கொடுத்தார். கழற்றிய ஸ்க்ரூக்களை, அவை இருந்த இடப்படியே ஒரு தாளில் வரிசையாக வைக்கச் சொன்னார். நீள ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் முறுக்கினால் போர்டையே குத்திவிடும். மூடியை நெம்ப இரும்பு கூடாது, பிளாஸ்டிக் தகடுதான். திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். கையை இரும்பு ராக்கில் ஒருமுறை வைத்துவிட்டுத்தான் ராமைத் தொட வேண்டும்.

அவளுடையது டிடிஆர்5, 262 பின். டிடிஆர்4-க்கு 260, வெட்டும் வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது. சாய்வாக, தங்க நிறப் பற்கள் மறையும்வரை தள்ளிவிட்டு மெல்ல அழுத்தினாள். இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று பிடித்தன.

ஆன் செய்தால் திரை கருப்பு. அவள் முகம் வாடிப்போனது. "பொறும்மா, புது ராமை அது படிச்சுக்கிட்டு இருக்கு." டிடிஆர்5 முதல் தடவை சில நிமிடம்கூட எடுக்கும், அதற்குள் பதறிப்போய் பவரை அணைப்பவர்கள் ஏராளம். படம் வந்தது: 16 ஜிபி.

அடுத்து வந்த பையனின் மெல்லிய லேப்டாப்பில் ஸ்லாட்டே இல்லை. ராம் போர்டிலேயே ஒட்டியிருந்தது. காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். எனக்குக் கோபம் இங்கேதான். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே தனி இணையதளம் தொடங்கியது. ஆனால் ஒட்டிவிட்ட ராமை எந்த உரிமையாலும் கழற்ற முடியாது. வாங்குமுன் கடைக்காரரிடம் ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்று சொல்ல மறக்கவில்லை அண்ணன்: "ராமுக்குத் தனி வாரண்டி, பில்லைப் பத்திரமா வை. லேப்டாப்பை சர்வீசுக்குக் குடுக்கும்போது இதைக் கழட்டி வச்சிட்டுக் குடு. நாம போட்டது தொலைஞ்சா அவங்க பொறுப்பில்ல."