எண்பது வெள்ளி என்றால் எந்த வெள்ளி?

வாங்க விற்க என்று ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியதும் புது அட்மின் முதலில் எழுதுகிற விதி பெரும்பாலும் 'எல்லாரும் நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும்' என்பதாகத்தான் இருக்கும். அதை எழுதாதீர்கள். நேர்மையைத் திரையில் பார்க்க முடியாது. 'பழைய கேஸ் அடுப்பு விற்றால் பர்னரைக் கழற்றி ஒரு படம், அடிப்பக்கம் ஒரு படம்' என்பது விதி. பதிவைப் பார்த்ததுமே படம் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். போட்டவர் நல்லவரா கெட்டவரா என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கைப்பேசியே சரியாகப் பயன்படுத்தத் தெரியாத ஒரு பெரியவர். உலு திராமில் மளிகைக் கடை நடத்தியவர். கடனுக்குச் சாமான் வாங்கினால் 555 புத்தகத்தில் ஒரு வரி எழுதுவார். எழுதியதும் புத்தகத்தை வாங்குபவர் பக்கம் திருப்பிவிடுவார். அவர் தலையாட்டினால்தான் அரிசி மூட்டை நகரும். "நான் எழுதுனத நீ பாத்துட்டா பிறகு சண்ட எங்கிருந்துப்பா வரும்?" என்பார். நான் எழுதிக்கொண்டுபோன விதித்தாளில் முக்கால்வாசியை அவர்தான் பேனாவால் அடித்தார். நம்பிக்கை, ஒற்றுமை, மரியாதை எல்லாம் போயின. மிஞ்சியவை விலை, இடம், எண்ணிக்கை, தேதி.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது ஜோகூர் பாருவில் இப்படிப் பல குழுக்கள் முளைத்தன. நாங்களும் அப்போதுதான் தொடங்கினோம். பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் வேலை செய்த பலருக்கு வருமானம் நின்றுபோயிருந்தது. மாசாய், ஸ்கூடாய், கூலாய் என்று தாமான் தாமானாக வீட்டு அடுப்பிலிருந்து முறுக்கு, கேக், பிரியாணி எல்லாம் வந்தன. வீட்டில் சும்மா கிடந்த கிரைண்டரும் தொட்டிலும்கூட விலைக்கு வந்தன.

முதல் தகராறு விலையில்தான். 'விலைக்கு பிஎம்' என்று போடுவார்கள். ஒருவரிடம் ஒரு விலை, அடுத்தவரிடம் வேறு விலை. மின்னியல் வாணிபப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகளின்படி, தொழிலாக விற்பவர் அனுப்பும் செலவையும் சேர்த்து முழு விலையையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சட்டத்தைக் காட்டி மிரட்ட வேண்டாம். விலை இல்லாத பதிவை நீக்கிவிட்டு, 'விலையோடு மறுபடி போடுங்க அக்கா' என்று தனியாக ஒரு வரி அனுப்பினால் போதும். 2022 முதல் வாட்ஸ்அப்பில் அட்மினே யாருடைய பதிவையும் எல்லாருக்குமாக நீக்கலாம். அதற்கு முன் கெஞ்சித்தான் நீக்க வைக்க வேண்டியிருந்தது.

விலையிலும் ஜோகூருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி ஒருவர் குழந்தையின் தள்ளுவண்டிக்கு 80 வெள்ளி என்று போட்டார். வாங்க வந்த அக்கா 80 ரிங்கிட்டை நீட்டினார். தம்பி கேட்டது சிங்கப்பூர் வெள்ளி, அதாவது மூன்று மடங்குக்கும் மேல். இருவர் மேலும் தப்பில்லை. பெட்ரோல் நிலையத்தில் நின்று வாய்ச்சண்டை போட்டுவிட்டு இருவரும் குழுவை விட்டே போய்விட்டார்கள். அன்றிலிருந்து எண்ணுக்கு முன்னால் ரிங்கிட்டா, சிங்கப்பூர் டாலரா என்று எழுதாத பதிவு நிற்காது.

தேதியும் அப்படித்தான். 'வார இறுதியில் தருகிறேன்' என்றால் எந்த நாள்? 2014 முதல் ஜோகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்தன. பாலத்துக்கு அந்தப் பக்கம் சனியும் ஞாயிறும். 2025 ஜனவரி 1 முதல் இங்கும் சனி ஞாயிறு ஆகிவிட்டது. ஆனாலும் பழக்கம் உடனே மாறிவிடுமா? கிழமையோடு தேதியையும் எழுதச் சொல்லுங்கள்.

யார் முதலில் கேட்டார் என்பது தினசரிப் பஞ்சாயத்து. 'இன்னும் இருக்கா?' என்று கேட்டவர் வரிசையில் இல்லை. 'எடுத்துக்கிறேன்' என்று பதிவின் கீழேயே எழுதியவர்தான் முதல் ஆள். தனியாகப் பேசியது கணக்கில் வராது. அதன் பிறகு யாராவது கூட இருபது வெள்ளி தருகிறேன் என்று வந்தாலும் பொருள் முதல் ஆளுக்கே. போட்ட விலையைக் குறைக்கலாம், ஏற்றக்கூடாது. இதற்கு விற்பவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பலகாரம்தான் நுணுக்கமான வேலை. சிவப்பு மூடி போட்ட டப்பா எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே எத்தனை என்பது திறந்தால்தான் தெரியும். ஆகவே எண்ணிக்கை அல்லது எடை கட்டாயம். கேக்கில் முட்டை உண்டா இல்லையா என்பதும் கட்டாயம். விரத நாளில் வாங்கிய ஒருவர் சாப்பிட்ட பிறகு கேட்டு வருந்தியதால் வந்த விதி இது. முன்பணத்தை நாங்கள் பாதிக்கு மேல் அனுமதிப்பதில்லை. விற்பவர் கைவிட்டால் முழுவதும் திரும்ப வேண்டும். மாவும் எண்ணெயும் வாங்கிய பிறகு வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் விற்பவருக்கே. பதிவு போடும்போதே இந்த இரண்டு வரியும் அதில் இருக்க வேண்டும்.

அடியோடு தடை செய்ய வேண்டியவையும் உண்டு. தவணை முடியாத காரை 'சம்பூங் பாயார்' என்று கைமாற்றுவது அதில் முதலாவது. வண்டி ஒருவரிடம் ஓடும், கடன் இன்னொருவர் பெயரில் நிற்கும். அடுத்தது கூட்டுச் சீட்டு. அதற்கு 1971-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. 'நம்ம ஆளுங்கதானே' என்று கேட்பார்கள். குழுவுக்குள் எல்லாரும் நம்ம ஆளுங்கதான், அதனால்தான் வேண்டாம்.

ஏமாந்தவர் கோபத்தில் ஏமாற்றியவரின் அடையாள அட்டையைப் படம் எடுத்துப் போடுவார். உடனே நீக்குங்கள், பிறகு ஆறுதல் சொல்லுங்கள். தவறான ஆளைப் போட்டுவிட்டால் அதைத் திரும்பப் பெறவே முடியாது. பணம் அனுப்பும் முன் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் போன பிறகு தெரிந்தால் அந்த நிமிடமே மோசடிப் புகாருக்கான 997-ஐ அழைக்கச் சொல்லுங்கள். தொழிலாக விற்பவர் மீது பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் போடலாம், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் பழைய மேசை விற்றதற்கு அது உதவாது. அங்கே உங்கள் விதியும் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டும்தான் துணை.

அட்மின் தன் குழுவில் விற்கலாமா என்று கேட்கிறார்கள். நான் விற்பதில்லை. மனைவியின் அதிரசத்தைக்கூட வேறொரு குழுவில்தான் போடுகிறோம். வீட்டில் இதற்கு இன்னும் கோபம் உண்டு. அங்குள்ள அட்மின் ஒருமுறை எண்ணிக்கை இல்லை என்று எங்கள் பதிவை நீக்கியபோது மட்டும் கொஞ்சம் சிரித்தார்கள்.

விதியை மாற்ற நினைத்தால் தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதங்களில் கை வைக்காதீர்கள். அப்போது பலரும் பழைய விதியை நம்பி முன்பணம் கட்டியிருப்பார்கள். பொங்கல் கழியட்டும். மாற்ற வேண்டிய வரியைக் குழுவில் போட்டு ஒரு வாரம் விடுங்கள். எதிர்த்துப் பேசுகிறவர்களில் அதிகம் விற்பவர் யார், அதிகம் வாங்குபவர் யார் என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.