அன்னையாரும் வாயில்லா ஜீவன்களும்

நாங்குநேரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்த என் அன்னையார், 1961-ல் மணமாகித் தந்தையாருடன் பம்பாய் வந்து தாராவியில் குடியேறினார். பிறந்த வீட்டார் சீதனமாகக் கொடுத்த பசுவை அயலூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டே ரயிலேறினார்கள். அந்தத் தொகையில் பயணச் செலவு போக எஞ்சியதைக் கொண்டு இங்கு வாங்கியதுதான் எங்கள் வீட்டு ஆட்டுக்கல். ஊரிலிருந்து எவர் வந்தாலும் அன்னையார் முதலில் விசாரிப்பது அப்பசுவைத்தான். பின்னாளில் அதன் கன்றுகளையும், கன்றுகள் ஈன்ற கன்றுகளையும்.

தாராவித் தமிழர் பலருக்கு இட்லி வியாபாரம் எவ்வாறு கைகொடுத்தது என்பதைச் சங்கத்து அன்பர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு அன்னையார் அடுப்பு மூட்டுவார். ஆறு மணிக்குள் இருநூறு இட்லி வெந்து தந்தையாரின் சைக்கிளில் ஏறிவிடும். பிறகு குழாயடி, துணி, சமையல். பொழுது சாயுமுன் மறுபடியும் ஆட்டுக்கல். நான்கு மக்களும் கல்வி பெற்றது அந்தக் கல்லின் சுழற்சியில்தான்.

பத்தடி அறையில் நாங்கள் ஆறு பேர். ஆயினும் வாசலில் ஓர் ஆடு எப்போதும் கட்டியிருக்கும். ஊறிய உளுந்தைக் கழுவும்போது கழலும் தோலும், அரிசி களைந்த கழுநீரும் அதற்கு. உடைந்த இட்லிகள் சந்து நாய்களுக்கு. "இட்லியை உடையாமல் எடுக்கத் தெரியாதா?" என்று தந்தையார் சில நாள் கடிந்துகொள்வார். முப்பது ஆண்டுகள் இட்லி அவித்த கைக்குத் தெரியாதா என்ன!

காய்கறிக்காரனிடம் இந்தியில் பேரம் பேசும் அன்னையார், விலங்குகளிடம் தமிழன்றி வேறு மொழி பேசியதில்லை. "தோ, தோ" என்றால் சந்து நாய்கள் ஓடி வரும். "போய்ப் படு" என்றால் படுக்கும். என் மக்களுக்கு நான் வாங்கித் தந்த அரிச்சுவடி பரணில் உறங்கியது. ஆச்சி ஆட்டோடு உரையாடுவதைக் கேட்டுக் கேட்டே அவர்களுக்குத் தமிழ் வாய்த்தது. அதனால்தானோ என்னவோ, இன்றும் என் மகள் விருந்தினரை "வா, இந்தா, தின்னு" என்றே உபசரிக்கிறாள்.

2005 ஜூலை 26 அன்று மும்பையில் பெய்த மழையை எவர் மறப்பார்? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். மித்தி ஆறு பெருகியது. எங்கள் சந்தில் இடுப்பளவு நீர். அண்டை வீட்டார் அடுத்த மாடிக் கட்டடத்திற்கு அழைத்தனர். ஆட்டுக்கு மட்டும் இடமில்லை என்றனர். அது நிறைசினை. "அப்படியானால் எனக்கும் இடம் வேண்டாம்" என்று அன்னையார் நின்றுவிட்டார். ஆட்டை நானும் என் தம்பியும் ஏணி வழியே பரணில் ஏற்றினோம். அதன் கழுத்தை அணைத்தபடி இரவு முழுவதும் அவர் விழித்திருந்தார். அரிசி, உளுந்து யாவும் வெள்ளத்தில் பாழாயின. அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுவாரம் ஆடு ஒரு பெட்டைக் குட்டியை ஈன்றது.

2011-ல் அன்னையார் காலமானார். நோயில் கிடந்த நாட்களில் அவர் எங்களிடம் வேண்டியது ஒன்றே: அந்தப் பெட்டையைக் கசாப்புக்கு விற்கலாகாது. அது மேலும் மூன்று ஆண்டுகள் வாழ்ந்தது. எங்கள் வீட்டில் இட்லி வியாபாரம் நின்றுவிட்டபடியால், உளுந்துத் தோலுக்கு என் மனைவி பக்கத்துச் சந்து இட்லிக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தாள்.