ஒன்பது இளைஞர்கள்

தில்லி நிஜாமுதீன் தர்காவில், ஷாஜகானின் மகள் ஜஹானாராவின் சமாதிமேல் புல் வளர்ந்திருக்கும். மேலே பசும்புல் போதும் என்பது அவள் விருப்பம். நகரின் வடக்கே, தங்கை ரோஷனாராவின் சமாதியிலும் நடுவில் வெறும் மண்தான். எதிலும் ஒத்துப்போகாத அக்காவும் தங்கையும் இதில் மட்டும் ஒத்துப்போயிருக்கிறார்கள்.

அக்காவுக்குச் சூஃபி வழி. தம்பி தாராவைப் போலவே முல்லா ஷாவைக் குருவாக ஏற்றாள். அஜ்மீர் மகானைப் பற்றி நூல் எழுதினாள். அரியணைக்காகத் தாராவும் இன்னொரு தம்பி ஔரங்கசீப்பும் மோதியபோது அக்கா தாரா கட்சி, தங்கை ஜெயித்த ஔரங்கசீப் கட்சி. பக்தி பிரித்தது என்று சொல்லிவிடலாம். எனக்கென்னவோ 1631-ன்மேல்தான் சந்தேகம். அந்த வருஷம் தாய் மும்தாஜ் இறந்ததும், அவள் சொத்தில் பாதியை ஜஹானாராவுக்கே கொடுத்தான் ஷாஜகான். மற்றப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சேர்த்து மீதிப் பாதி. ரோஷனாராவுக்கு அப்போது 13 வயது. அம்மாவின் நகையைப் பாகம் பிரித்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

காதல் கதைகள்தான் வேடிக்கை. ஷாஜகானின் பெண்கள் யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே ஊருக்கு வாய் நீண்டது. ஜஹானாராவின் காதலன் ஒளிந்திருந்த வெந்நீர்க் கொப்பரைக்கு அடியில் தகப்பனே தீ மூட்டச் சொன்னான் என்கிறான் பிரெஞ்சுக்காரன் பெர்னியர். அவளைத் தகப்பனோடு சேர்த்துக் கிளம்பிய அசிங்கமான வதந்தியையும் அவன் விடவில்லை. அதை வெறும் தெருப்பேச்சு என்று தள்ளுகிறான் வெனிஸ்காரன் மனுச்சி. நல்லது. ஆனால் அதே மனுச்சி, ரோஷனாரா தன் அறையில் ஒன்பது இளைஞர்களை ஒளித்து வைத்திருந்தாள் என்று கூசாமல் எழுதுகிறான். எட்டில்லை, பத்தில்லை, ஒன்பது! உள்ளே போய் எண்ணிவிட்டு வந்தவன் யார்?

மனுச்சி யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். தாராவின் பீரங்கிப் படையில் சம்பளம் வாங்கியவன். பிற்பாடு நம் சென்னைக்கு வந்து, 1686-ல் கல்யாணம் செய்துகொண்டு, தோட்டமும் வீடுமாக வாழ்ந்தவன். தோற்ற கட்சிக்காரன் எழுதிய சரித்திரத்தில் ஜெயித்த கட்சித் தங்கைக்கு நல்ல பெயர் எப்படிக் கிடைக்கும்?

அந்த ஜெயிப்பும் நிலைக்கவில்லை. 1666-ல் ஷாஜகான் இறந்தபின், ஔரங்கசீப் அக்காவைச் சமாதானப்படுத்தி அந்தப்புரத் தலைமையை அவளிடமே கொடுத்துவிட்டான். கெடுபிடிக்குப் பேர்போன அவனேதான் பின்னாளில் தன் பெண்கள் இருவருக்குக் கல்யாணமும் செய்துவைத்தான். மாப்பிள்ளைகளில் ஒருவன், அவன் கொல்லச் சொன்ன தாராவின் மகன். ரோஷனாரா அதையெல்லாம் பார்க்கவில்லை, 1671-லேயே போய்ச் சேர்ந்தாள். அக்காவைக் கொண்டாட ஆள் நிறைய உண்டு. என் ஓட்டு தங்கைக்கு.