உப்பளத்து வரப்பில் ஒரு கீரை

காயல்பட்டினத்துக்கு வருகின்றவர்களில் பலர் பள்ளிவாசல்களையும் கடற்கரையையும் கண்டதோடு திரும்பிவிடுகின்றனர். வாசக நேயர்களே! நீங்கள் ஒருநாள் காலை வடக்கு நோக்கி, தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் பக்கமாகச் சென்று பாருங்கள். கார்த்திகை மழை ஓய்ந்த பிறகானால் மிகவும் நல்லது. உவர் நிலத்திலும் உப்பளத்து வரப்புகளிலும் முழங்கால் உயரத்துக்கு மிகாத செடியொன்று பசுமையாகச் செழித்திருக்கும். அதுதான் உமரிக்கீரை. ஆற்றோரத்தில் உமரிக்காடு என்றே ஓர் ஊர் உண்டு.

இதன் இலை மற்றக் கீரைகளைப் போல் தட்டையானதன்று. நெல்மணி போல் நீண்டு உருண்டு, சதைப்பற்றோடு இருக்கும். கிள்ளினால் நீர் கசியும். நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். இம்மூன்றும் ஒருங்கே பொருந்தினால்தான் பறிக்க வேண்டும். கோடையில் செடி செந்நிறமேறி முற்றிவிடும். அப்பொழுது கறிக்கு உதவாது.

நுனித் தளிர்களை மட்டும் கிள்ளி, கொதிநீரில் இட்டு, அந்நீரை வடித்துக் கொட்டிவிடுங்கள். பின்னர்ச் சின்ன வெங்காயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்துத் துவட்டலாம். நாலு இறால் கிடைத்தால் இன்னும் விசேஷம்! பழக்கத்தால் கை உப்புச் சாடியை நாடும், தடுத்துக்கொள்ளுங்கள். கீரையிலுள்ள உப்பே போதும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இதனை நாடாதிருப்பதே நலம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண்ணிலுள்ள உப்பை உறிஞ்சும் இச்செடி, அதே மண்ணில் கலந்துள்ள உலோக நஞ்சையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆலைக் கழிவு ஓடும் கால்வாயோரத்தில் எத்துணைச் செழிப்பாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

கடலை விட்டு மேற்கே தேரிக்காட்டுச் செம்மண்ணை நோக்கிச் சென்றால் காட்சி மாறிவிடும். பனைகளுக்கும் உடைமரங்களுக்கும் இடையே ஆவாரை பூத்திருக்கும். அப்பூவைப் பருப்போடு கூட்டுச் செய்யலாம். உலர்த்திக் கொதிக்கவைத்துப் பருகுவோரும் உளர். ஆனால் மஞ்சளாய்ப் பூத்ததெல்லாம் ஆவாரை ஆகிவிடாது. வீட்டு வேலிகளில் நிற்கும் மஞ்சள் அரளி கொடிய நஞ்சு. இதயத் துடிப்பையே நிறுத்தவல்லது. அதன் பூ குழல் வடிவானது, இலை ஒடுங்கி நீண்டது, ஒடித்தால் பால் வடியும். ஆவாரைக்கோ இதழ்கள் ஐந்தும் தனித்தனியே விரிந்திருக்கும், ஒரு காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் இணை இணையாக அமைந்திருக்கும், காய் தட்டையானது, பால் இராது. பிள்ளைகளைப் பறிக்க அனுப்பும் தாய்மார்கள் இரண்டையும் அருகருகே காட்டிவிட்டு அனுப்புங்கள்.

அதே வேலிகளில் மழைக்குப் பின் செங்காந்தளும் தீச்சுடர் போல் மலரும். நம் மாநில மலர் அது; கண்ணுக்கு விருந்து. இலை நுனி சுருண்டு கொழுகொம்பைப் பற்றியிருப்பதைக் கொண்டு அதனை அறியலாம். அதன் கிழங்கைக் காட்டுக் கிழங்கென்று எண்ணித் தின்றால் உயிருக்கே ஆபத்து.