பழகிப்போன நாற்றம்

“பெட்ரோல் நாத்தம் தாங்கல மாமா, தலை சுத்துது!” என்றாள் சிறுமி.

பழவேற்காட்டு ஏரி. காலை நேரம். அக்கரைக் குப்பத்துப் பிள்ளைகள் எழுவரை ஏற்றிக்கொண்டு, இக்கரைப் பள்ளிக்குப் புறப்படும் பழைய மோட்டார் படகு அது. படகு நம்முடையது, ஓட்டுபவர் நம் நண்பர். இருவரும் ஒரே குரலில் விடையளித்தோம்: “மோட்டார் படகுன்னா அப்படித்தாம்மா இருக்கும்!”

அப்படித்தான் இருக்கும்! இந்த இரண்டு சொற்களை எத்தனை மேடைகளில் சாடியிருக்கிறோம்! ‘ஏன் என்று கேள், எதனால் என்று கேள்’ என எத்தனை இளைஞர்களைத் தட்டி எழுப்பியிருக்கிறோம்! அந்த நாமே, ஒரு சிறுமி கேட்டபோது அவள் வாயை அடைத்தோம்.

அன்று மாலை, நீர் இறைப்பதற்காக அடித்தட்டுப் பலகையைத் தூக்கினோம். தேங்கிய நீரின்மீது வானவில் வண்ணம் மின்னிற்று. நண்பரின் உதட்டிலே பீடி, கையிலே தீப்பெட்டி. “அண்ணே, உரசாதீங்க!” என்று அலறினோம். அவர் கை நின்றது. நம் மூச்சும் சற்று நின்றது.

ஏன் அந்த அச்சம்? பெட்ரோல் திரவமாகக் கிடக்கும்போது காட்டும் கோபத்தைவிட, ஆவியாக அலையும்போது காட்டும் கோபம் பெரிது. சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகைக் குளிரிலும் அது தீப்பற்றத்தக்க ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே பறந்து மறையாது, படகின் அடிப்பள்ளத்திலே படுத்துக்கொள்ளும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தால் போதும். பாட்டரி முனையில் தெறிக்கும் ஒரு பொறி, படகையே குண்டாக்கிவிடும்.

அப்படியானால் நம் மூக்கு என்ன செய்துகொண்டிருந்தது? உறங்கிக்கொண்டிருந்தது! ஒரே நாற்றத்தில் ஊறிய மூக்கு, சிறிது நேரத்தில் அதை உணர்வதையே நிறுத்திவிடும். நாள்தோறும் படகில் கிடந்த நமக்கு அது நாற்றமாகத் தோன்றவில்லை, நடைமுறையாகத் தோன்றிற்று. அவ்வப்போது ஏறி இறங்கும் பிள்ளைக்குத்தான் உண்மை உறைத்தது.

மறுநாளே மருத்துவம் தொடங்கினோம், நோயைக் காணாமலே! எஞ்சினில் குழாய் செருகும் இடம் ஈரமாயிருந்தது. ‘அகப்பட்டான் திருடன்’ என்று ரப்பர் வளையத்தை மாற்றினோம். ஐயத்துக்கு இடமின்றி இருக்கட்டும் என்று, சாலையோர மெக்கானிக்குகள் செய்வதுபோல் சோப்பையும் குழைத்து அப்பினோம். பிள்ளைகளை ஏற்றினோம். இரண்டு நாள் ஓட்டினோம். மூன்றாம் நாள் காலை அந்தச் சிறுமி ஒன்றும் பேசவில்லை. பாவாடை நுனியால் மூக்கை மட்டும் பொத்திக்கொண்டாள். சொல்லிப் பயனில்லை என்று அந்தப் பிஞ்சு உள்ளம் முடிவு கட்டிவிட்டது! அந்த மௌனம் நம்மைச் சுட்டது.

படகை நிறுத்தினோம். பிள்ளைகளுக்கு வேறு படகு பேசினோம். பாட்டரியைக் கழற்றிக் கரையேற்றினோம். பலகைகளை எல்லாம் திறந்து, காற்றாட விட்டோம். தேங்கிய எண்ணெய் நீரை ஏரியில் கொட்டாமல், பஞ்சால் ஒற்றிக் கேனில் பிழிந்தோம். மீனும் இறாலும் வளரும் நீரல்லவா அது!

பிறகு, குழாயின் ஒவ்வோர் இணைப்பையும் உலரத் துடைத்தோம். டாங்கியிலிருந்து எஞ்சின் வரை, சாணுக்கு ஒன்றாக வெள்ளைத்தாள் விரித்தோம். குழாயின் நடுவே, எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றக் கையால் அழுத்தும் ரப்பர் உருண்டை உண்டு. அதை அழுத்தினோம். கசிவற்ற குழாயில் அது கல்போல் இறுகி நிற்கவேண்டும். இறுகிற்று, ஆனால் மெல்லத் தளர்ந்தது. எங்கோ ஓட்டை!

தாள்களைப் பார்த்தோம். நாம் ஐயுற்ற இடமெல்லாம் வெண்மை. எவரும் எட்டிப் பாராத இடத்தில், பின்பலகைத் துளைக்குள் குழாய் நுழையுமிடத்தில், மங்கிய மஞ்சள் கறை! பெட்ரோல் பறந்தோடிவிடும், அதனோடு கலந்த எண்ணெயோ கறையாகி நின்று சாட்சி கூறும். குழாயை உருவி வளைத்தோம். பலகை தேய்த்த இடத்திலே மயிரிழை வெடிப்புகள் வாய் பிளந்தன.

அப்போதுதான் இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. சில நாள்களாக எஞ்சின் இடையிடையே திணறிற்று. ‘வயதாகிவிட்டது’ என்று விட்டிருந்தோம். எஞ்சின் ஓடும்போது குழாயில் உறிஞ்சல். வெடிப்பு வழியே காற்று உள்ளே போகும், எஞ்சின் திணறும். படகு நிற்கும்போது, காற்றுத் திருகு மூடிய டாங்கியை வெயில் காய்ச்சும்; உள்ளழுத்தம் ஏறி, அதே வெடிப்பு வழியே பெட்ரோல் வெளியேறும். ஓடும்போது ஒழுகவில்லை, உறங்கும்போது ஒழுகிற்று! ஓடும் படகிலே கசிவைத் தேடிய நமக்கு எப்படி அகப்படும்?

குழாய் பழையது. வெயிலும் உராய்வும் ஒருபுறம். மறுபுறம், பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் 10 விழுக்காட்டை எட்டிற்று. 2025இல் 20 விழுக்காடாயிற்று. எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்படாத பழைய ரப்பர், அதில் ஊறி உப்பும். உலர்ந்தால் விறைத்து வெடிக்கும். காலம் மாறிவிட்டது, குழாய் மாறவில்லை.

ஒட்டுப்போட மனமில்லை. குழாய் முழுவதையும் நீக்கினோம். படகுக்கென்றே செய்யப்பட்ட, மேலே எஸ்.ஏ.இ. ஜே1527 என்ற தரக்குறி பொறித்த பெட்ரோல் குழாயை வாங்கிப் பூட்டினோம். துருவேறாத எஃகுக் கிளாம்புகள் இட்டோம். பலகைத் துளையின் விளிம்பை இழைத்து, ரப்பர் வளையம் பொருத்தினோம். உருண்டையை அழுத்தி அரைமணி காத்திருந்தோம். கல்லாய் நின்றது, தாள்களும் வெண்மையாகவே இருந்தன. அன்றுமுதல், படகைக் கட்டியதும் டாங்கியிலிருந்து குழாயைப் பிரித்து வைப்பதே வழக்கம்.

ஆயினும் பிள்ளைகளை ஏற்றுமுன் ஒரு சோதனை மீதமிருந்தது. சிறுமியை மட்டும் அழைத்துப் பலகையைத் திறந்து காட்டினோம். குனிந்தாள், முகர்ந்தாள். “மீன் நாத்தந்தான் வருது மாமா” என்றாள்.

தோழர்களே! கேள்வி கேட்கக் கற்பித்தால் மட்டும் போதாது. கேள்வி நம்மை நோக்கி வரும்போது செவி கொடுக்கவும் வேண்டும். நம் வீட்டிலும், தொழிற்கூடத்திலும், மன்றத்திலும் நம் மூக்குக்குப் பழகிப்போன நாற்றங்கள் எத்தனையோ! அவற்றைக் காட்டிக்கொடுப்பவர் நேற்று வந்தவராக இருக்கலாம். நம்மில் இளையவராகவும் இருக்கலாம். அவரிடம் ‘அப்படித்தான் இருக்கும்’ என்று கூறுமுன், பலகையை ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.